குழுவில் ஒருவர் மட்டும் உழைக்கும்போது

வணக்கம். இளங்கலை இறுதியாண்டில் ஆய்வு ப்ராஜெக்டுக்கு நான்தான் பொறுப்பு. நாற்பது மாணவர்கள், ஐந்து பேராக எட்டுக் குழு. செமஸ்டருக்கு இரண்டு ரிவ்யூ வைக்கிறேன். முதல் ரிவ்யூவில் தலைப்பை அழகாகச் சொல்கிறார்கள். இரண்டாவதில் பார்த்தால் ஒருவரோ இருவரோதான் வேலை செய்திருப்பார்கள், மற்றவர்களுக்கு ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இரவு உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தாலும் யாரும் திருத்துவதில்லை. குழுவைக் கலைத்துவிட்டுத் தனித்தனியாகக் கொடுத்துவிடலாமா? இன்னும் பத்து வாரம் இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலைக்க வேண்டாம். உங்கள் மாணவர்கள் சோம்பேறிகள் என்று நான் நினைக்கவில்லை, யார் என்ன செய்தார் என்பது யார் கண்ணுக்கும் படாத மாதிரி வேலை அமைந்துவிட்டது, அவ்வளவுதான். இது பழைய விஷயம். ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு, தனியாக இழுத்ததில் பாதி பலம்தான் வந்தது. 1979-இல் லதானே என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கைதட்டலையும் கத்தலையும் வைத்து இதையே சோதித்தார்கள், கூட்டமாகச் செய்கிறோம் என்று நம்பியதுமே சத்தம் குறைந்தது. ஆனால் ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது அந்தச் சரிவு இல்லை என்று 1981-இல் அதே ஆட்கள் காட்டினார்கள். உங்களுக்கு வேண்டியது அந்தக் கடைசித் தகவல்தான்.

அதனால் முதலில் வேலையைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். வழக்கமாக எப்படிப் பிரிப்பார்கள்? ஒருவர் முன்னுரை, ஒருவர் முந்தைய ஆய்வுகள், ஒருவர் டேட்டா, ஒருவர் டைப்பிங், மிச்சமிருப்பவர் பிரிண்ட் எடுப்பார். இதில் ஆய்வு செய்பவர் ஒருவர்தானே. அத்தியாயமாக வெட்டாதீர்கள். ஒரு குழு மாணவர்களின் தூக்கத்தையும் போன் பழக்கத்தையும் பற்றி ஆராய்கிறது என்று வையுங்கள். ஐந்து பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைப் பேட்டி எடுக்கட்டும், ஆளுக்கு இரண்டு கட்டுரை படிக்கட்டும், அப்புறம் ஒருவர் எடுத்த பேட்டியை இன்னொருவரும் தனியாக வகைப்படுத்தட்டும். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவர்கள் சண்டை போடும் அந்த அரை மணி நேரத்தில்தான் ஆய்வு என்றால் என்ன என்று அவர்களுக்குப் புரியும், அதை நான் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். தனித்தனியாகக் கொடுத்தால் இது போய்விடும். கலைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இரண்டு ரிவ்யூ போதாது. இரண்டாவது வரும்போது வேலை முடிந்துவிட்டது, அப்போது சொல்லி என்ன பயன்? முதல் மூன்று வாரம் எல்லாக் குழுவையும் வாரம் ஒருமுறை கால் மணி நேரம் பாருங்கள், எட்டுக் குழுவுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். தலைப்பு கேள்வியாக மாறுவது அந்த வாரங்களில்தான். அங்கே விட்டுவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. நான்காம் வாரத்திலிருந்து வாரத்துக்கு நான்கு குழு, ஒரு மணி நேரம். நீங்கள் இரவில் எழுதும் குறிப்புக்கு ஆகும் நேரத்தைவிட இது குறைவாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு தாளோடு வரச் சொல்லுங்கள்: என்ன கண்டுபிடித்தோம், எங்கே மாட்டிக்கொண்டோம், அடுத்து யார் என்ன செய்யப்போகிறோம். பிபிடி வேண்டாம். யார் பேசுவது என்பதை நீங்கள் அந்த இடத்தில் முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் நன்றாகப் பேசுபவரே ஒவ்வொரு முறையும் பேசுவார். குறை இருபது தெரிந்தாலும் இரண்டு மட்டும் சொல்லுங்கள். கிளம்பும் முன் அந்த இரண்டையும் மாணவர்கள் தங்கள் வார்த்தையில் அதே தாளில் எழுதட்டும். அடுத்த சந்திப்பு அந்தத் தாளிலிருந்தே தொடங்கட்டும். நீங்கள் எழுதிய குறிப்பை யாரும் திருத்தாததற்குக் காரணம், அதைத் திரும்ப யாரும் கேட்காததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சந்திப்புகளில் மார்க் போடாதீர்கள். ரூத் பட்லர் என்ற உளவியலாளர் 1988-இல் பள்ளி மாணவர்களிடம் சோதித்தபோது, குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள், குறிப்போடு மார்க்கும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் மற்றது கண்ணில் படாது. மார்க் கடைசியில் வரட்டும், அதில் ஒரு பங்கு ஆளுக்கு ஆள் தனியாக இருக்கட்டும்.

ஐந்தாம் வாரம் ஒவ்வொருவரிடமும் தனியாக, யார் என்ன செய்கிறார்கள், உனக்கு எதில் உதவி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கடைசியில் வாங்கினால் அது புகார்க் கடிதமாகத்தான் இருக்கும். என்னிடம் ஒரு மாணவி இப்படித்தான் எழுதிக் கொடுத்தார்: அவருக்கு எக்செல் தெரியாது, கேட்க வெட்கம், குழுவில் மற்றவர்களோ அவருக்கு அக்கறையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மதியம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் அந்தக் குழுவின் அட்டவணைகள் எல்லாவற்றையும் அவர்தான் போட்டார்.

வரும் வாரமே தொடங்கிவிடுங்கள். எட்டில் எந்தக் குழு மிக மோசம் என்று நினைக்கிறீர்களோ அதை முதலில் கூப்பிடுங்கள், மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.