மழை பெய்யும் சனி, ஞாயிறுக்கு வாடகைப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஒக்டோபர் பிறந்து கொழும்பில் பின்னேர மழை பிடிக்கத் தொடங்கியதும், இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் படம் கேட்டு எழுதுபவை கூடிவிடுகின்றன. அவற்றுள் ஐந்து கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். கணவருக்கு அடிதடிப் படம் வேண்டும். எழுபது வயதைக் கடந்த மாமியாருக்குத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளை வாசிக்க முடியாது. பிள்ளைகள் தரம் ஐந்திலும் ஏழிலும் படிக்கிறார்கள். எங்கள் ஒழுங்கை முனையிலுள்ள கடையில் இன்னமும் டிவிடி வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எல்லோரும் பார்த்துச் சலித்த படங்களை விட்டு, அங்கே எதைக் கேட்டு எடுக்கலாம்?
*– வெள்ளவத்தை வாசகி*

ஐந்து பேரையும் ஒரே படத்தால் திருப்திப்படுத்த முயல வேண்டாம். மூன்று படங்களை எடுத்து, எந்த நேரத்தில் யாருக்கு எது என்று முன்னரே பிரித்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவுக்கு, மாமியாரை நடுவில் இருத்தி, 'அந்த நாள்' படத்தைப் போடுங்கள். 1954 இல் ஏவிஎம் தயாரித்து எஸ். பாலச்சந்தர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943 ஒக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாட்களைப் பின்னணியாகக் கொண்டு, வானொலிப் பொறியியலாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுவதோடு கதை தொடங்குகிறது. சுடப்பட்டு விழுபவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் முதற் காட்சியிலேயே இறந்துவிட்டால் மீதிப் படத்தில் என்ன இருக்கும் என்று உங்கள் கணவர் கேட்பார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அயலவர் என்று ஒவ்வொருவரும் பொலிஸாரிடம் தத்தம் கதையைச் சொல்லச் சொல்ல, இறந்தவரின் முகமும் மாறிக்கொண்டே போகிறது என்பதுதான் அதற்குப் பதில். ஒரு படத்தில் பத்துப் பாடல்களுக்குக் குறையாமல் இருந்த காலத்தில், வீணை வித்துவானாகிய பாலச்சந்தர் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் இந்தப் படத்தை எடுத்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. சண்டைக் காட்சியும் கிடையாது. ஆனால் அது இல்லையென்று உங்கள் கணவருக்குத் தோன்றப் போவதில்லை. மாமியார் இதை முன்னமே பார்த்திருக்கக்கூடும் என்பதால், கொலையாளி யார் என்பதைக் கடைசிவரை வெளியிடக் கூடாதென்று முன்கூட்டியே அவரிடம் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலைக்கு, பிரெஞ்சு இயக்குநர் ஜாக் தத்தியின் 'திருவாளர் ஊலோவின் விடுமுறை' (1953). பெயர் பிரெஞ்சு என்றாலும் பேச்சு மிகக் குறைவு. இருக்கும் பேச்சும் காதில் விழும் இரைச்சலாகவே வருவதால், எழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்கு ஒரு குறையும் இராது. தொடக்கத்திலேயே ஒரு புகையிரத நிலையம் வருகிறது. ஒலிபெருக்கியில் சொல்வது ஒன்றும் விளங்காமல், பயணிகள் பெட்டி படுக்கையோடு ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு ஓடுகிறார்கள். அவர்கள் போய்ச் சேர, வண்டி வேறு மேடைக்கு வருகிறது. கோட்டை நிலையத்தில் கடைசி நிமிடத்தில் மேடை மாறிய அனுபவம் உள்ளவர்கள் இதற்கு மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே சிரிப்பார்கள். பிறகு கடற்கரை விடுதியின் சாப்பாட்டு அறைக் கதவைக் கவனிக்கச் சொல்லுங்கள். அது ஒவ்வொரு முறை ஆடும்போதும் தந்தி அறுந்ததுபோல ஓர் ஒலி எழுப்புகிறது. அந்த ஒலியை வைத்தே தத்தி பலமுறை சிரிக்க வைக்கிறார். பிள்ளைகள் அடுத்த ஒரு கிழமைக்கு அந்தக் கதவைப்போலச் சத்தம் போடுவார்கள் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது, ஞாயிறு பின்னேரம், பிள்ளைகளுக்கு மட்டும். ஈரானிய இயக்குநர் ஜஃபர் பனாஹியின் முதற் படமான 'வெள்ளை பலூன்' (1995) கிடைத்தால் எடுங்கள். புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்கப் புறப்படும் ஏழு வயதுச் சிறுமியின் கையிலிருந்த பணத்தாள், கடை வாசலிலுள்ள வடிகாலின் இரும்புக் கம்பிகளுக்கு இடையே விழுந்துவிடுகிறது. அதை எப்படி எடுப்பது என்பதே கதை முழுவதும். திரையில் நகரும் நேரமும் நம் கடிகார நேரமும் ஏறத்தாழ ஒன்றாகவே ஓடுவதால், பிள்ளைகள் நகம் கடித்துக்கொண்டு இருப்பார்கள். கான் விழாவில் முதற் படத்துக்கான தங்கக் கமரா விருது இதற்குக் கிடைத்தது. மூத்த பிள்ளை கீழே ஓடும் ஆங்கிலத்தை இளையவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு போகட்டும். அதுவும் ஒரு பயிற்சிதான்.

விருது பெற்ற படம் என்று நண்பர்கள் சொல்வதை நம்பி எடுத்தால், அரை மணி நேரத்தில் தூக்கம் வந்துவிடுகிறது. குறை என்னிடமா, படத்திடமா?
*– கொட்டாஞ்சேனை வாசகர்*

மழையிடமும் இருக்கலாம். மதியம் சோறு சாப்பிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் படுக்கையில் சாய்ந்தபடி பார்த்தால் எந்தப் படத்துக்கும் தூக்கம் வரும்.

உங்களுக்கு என் யோசனை, நீளம் குறைந்த படங்களில் தொடங்குவதுதான். பி. எஸ். வினோத்ராஜ் இயக்கி, 2021 இல் ரொட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்ற 'கூழாங்கல்' ஒன்றேகால் மணி நேரம்தான். மழை நாளில் பார்ப்பதற்கு அதில் இன்னொரு பொருத்தமும் உண்டு: கொதிக்கும் வெயிலில், குடிகாரத் தகப்பன் ஒருவனும் அவன் மகனும் நடந்துகொண்டேயிருக்கும் படம் அது. சிட்னி லூமெற்றின் '12 கோபக்கார மனிதர்கள்' (1957) 96 நிமிடங்கள். ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள், ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய யூரிமார் பன்னிருவரின் வாக்குவாதமாகவே நடக்கிறது. புழுக்கத்தில் சட்டை நனைய இருந்தவர்களின் யன்னலுக்கு வெளியே இடையில் மழை கொட்டத் தொடங்கும்போது, உங்கள் வீட்டு மழையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த இரண்டிலும் விழித்திருந்தீர்களானால், மூன்றாவதாக 'வீடு' (1988). மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் படங்களில் 'மூன்றாம் பிறை'யைப் பார்த்தவர்களே நம்மிடையே அதிகம். அவர் எடுத்தவற்றுள் நான் முதலில் வைப்பது 'வீடு'தான். வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொல்லப்பட்ட ஒரு பெண், கடன்பட்டுச் சொந்தமாகச் சிறு வீடு கட்ட முனைகிறார். அனுமதி, கடன், ஒப்பந்தக்காரர், களவு போகும் சீமெந்து என்று ஒவ்வொன்றாக வருகிறது. சீமெந்துக் களவைக் கூலிவேலை செய்யும் மங்கம்மா பகிரங்கமாகப் போட்டுடைக்கும் இடத்தில், கொழும்பிலோ புறநகரிலோ வீடு கட்டிய எவரும் நிமிர்ந்து உட்காருவார். பாடல்கள் இல்லை, இளையராஜா ஏற்கெனவே தனி இசைத் தொகுப்பாக வெளியிட்டிருந்த இசையையே பின்னணிக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கட்டி முடியாத அந்த வீட்டைச் சொக்கலிங்க பாகவதர் தனியே பார்க்க வரும் காட்சிவரை நீங்கள் விழித்திருந்தால், பிறகு தூங்கப் போக மாட்டீர்கள்.

பிறந்ததிலிருந்து கொழும்பில் இருக்கிறேன், சிங்களமும் நன்றாக விளங்கும். ஆனால் ஒரு சிங்களப் படத்தையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இலங்கைத் தமிழ்ப் படங்களும் அப்படியே. எங்கே தொடங்கலாம்?
*– தெஹிவளை வாசகர், பல்கலைக்கழக மாணவர்*

இவ்வருடம் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மழை பெய்யும் ஒரு சனி, ஞாயிறு இதற்குப் போதாது. என்றாலும் தொடங்கி விடலாம்.

முதலில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய'. பெயருக்குப் 'புதையல்' என்று பொருள். செல்வம் கரைந்துவிட்ட வளவுக்காரன் ஒருவன், புதையலை எடுப்பதற்கு நரபலி வேண்டுமென்று நம்பி, அதற்குரிய அடையாளங்கள் கொண்ட ஒரு பெண்ணைத் தேடித் திருமணம் செய்துகொள்கிறான். காமினி பொன்சேகாவும் மாலினி பொன்சேகாவும் நடித்திருக்கிறார்கள். பேய் ஒன்றும் வராமலேயே முதுகு சில்லிடும். சிங்களச் சினிமாவின் முதல் ஐம்பது ஆண்டுகளில் வந்த படங்களுள் மிகச் சிறந்ததாகத் தெரிவுசெய்யப்பட்டது இதுதான். மின்சாரம் போகாத இரவொன்றில் பாருங்கள்.

அடுத்தது பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' (1997). போர்முனையிலிருந்து முத்திரையிட்ட சவப்பெட்டியில் மகன் வந்துவிட்டான் என்று ஊரே சொல்ல, கண் தெரியாத தகப்பன் அதை ஏற்க மறுக்கிறார். அவராக நடிக்கும் ஜோ அபேவிக்ரம, கையால் தடவித் தடவி நடப்பதிலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார். 2000 ஆம் ஆண்டில் இப்படத்தைத் திரையிட விடாமல் அரசாங்கம் நிறுத்தி வைத்தது. இயக்குநர் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அனுமதி பெற்றார். மறுபக்கத்து வீடுகளில் என்ன நடந்தது என்பதை நம்மவர்கள் அறிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. அதே இயக்குநரின் 'ஒப நதுவா ஒப எக்க' (2012), தஸ்தயேவ்ஸ்கியின் கதையொன்றைத் தழுவி, அடகுக் கடை வைத்திருக்கும் முன்னாள் இராணுவச் சிப்பாய் ஒருவனுக்கும் வடக்கிலிருந்து வந்த தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான திருமணத்தைச் சொல்கிறது. மலைநாட்டுக் குளிரில் நடக்கும் கதை, மழைக்குப் பொருந்தும்.

தமிழில், அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' (2012). போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வரும் முன்னாள் போராளி ஒருவரை ஊர் எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதைக் கொண்டது. 2022 இல் காலமான தர்ஷன் தர்மராஜை இதிற் பார்த்துவிட்டு, அவர் நடித்த மற்றப் படங்களையும் தேடுவீர்கள். சிங்கள இயக்குநரான தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில் எடுத்த 'பொன்மணி', சாதியையும் சீதனத்தையும் எழுபதுகளின் யாழ்ப்பாணத்து மண்ணிலேயே வைத்துப் பேசுகிறது. அன்று ஓடாத படம், இன்று தேடப்படும் படம். கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' (1972), யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைத் திரையில் கேட்க வேண்டுமென்றே பார்க்கத் தக்கது.

இவற்றை வாடகைக் கடையில் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். அது அவருடைய பிழை அல்ல. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது படச்சுருள்களும் சேர்ந்தே எரிந்தன. எஞ்சிய பலவும் பராமரிப்பின்றிக் கெட்டுப்போயின. ஆகவே பழைய இலங்கைத் தமிழ்ப் படமொன்றின் மங்கலான பிரதி கிடைத்தாலும், படம் தெளிவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் இரவுக்கு, மழையோடு சேர்ந்த திகில் படம் ஒன்று?
*– பம்பலப்பிட்டி வாசகர்*

'பாரசைட்' படத்தால் ஒஸ்கார் பெற்ற கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ, அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னர், 2003 இல் எடுத்த 'கொலை நினைவுகள்'. எண்பதுகளின் பிற்பகுதியில் ஹ்வாசோங் என்ற நாட்டுப்புறப் பகுதியில் பெண்கள் தொடர்ச்சியாகக் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவங்களே இதன் அடிப்படை. படத்தில் மழை பெய்யும் இரவுகளிலேயே கொலைகள் நிகழ்கின்றன. சந்தேக நபர்களை அடித்து வாக்குமூலம் வாங்கும் பொலிஸார் நமக்கும் புதியவர்கள் அல்லர் என்பதால், சிரிப்பும் வரும், அந்தச் சிரிப்பு உடனே நின்றும் போகும். படம் வெளிவந்தபோது கொலையாளி யாரென்று தெரியாது. 2019 இல்தான் மரபணுச் சோதனை மூலம், வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையிலிருந்த ஒருவர் அடையாளம் காணப்பட்டார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தாலும் கடைசிக் காட்சியின் வலு குறைவதில்லை. பிள்ளைகளை முன்னரே தூங்க வையுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? சென்ற முறை எடுத்த இறுவட்டில் இடைநடுவில் படம் நின்றுவிட்டது.
*– கல்கிசை வாசகி*

கடையிலேயே இறுவட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறல் பெரும்பாலும் தொல்லை தராது. வட்டத்தோடு சேர்ந்து வளையும் கீறல்தான் படத்தை நிறுத்தும். உறையில் போட்டிருக்கும் மொழிகளை நம்பாமல், உப தலைப்பு உண்மையில் வருகிறதா என்று கடையின் தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தகரம் அல்லது அஸ்பெஸ்டோஸ் கூரையில் மழை அடிக்கும்போது தமிழ்ப் படத்துக்குக்கூட அந்த எழுத்துகள் தேவைப்படும். திரையரங்கில் களவாகப் பிடித்த பிரதியென்றால், நடுவில் யாரோ எழும்பிப் போகும் தலை தெரியும். அப்படிப்பட்டதை உடனே திருப்பிக் கொடுங்கள்.

இணையத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள், பார்க்கத் தொடங்கிய பின் எத்தனை மணி நேரம் அவகாசம் என்பதைப் பணம் கட்டுமுன் வாசியுங்கள். அது பல தளங்களில் 48 மணி நேரம்தான். சனி காலையில் தொடங்கிப் பாதியில் விட்டால் திங்கள் காலையில் படம் போய்விடும். தரவிறக்க வசதி இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே இறக்கி வையுங்கள். இடி மின்னல் தொடங்கியதும் தொலைக்காட்சி, ரவுட்டர் இரண்டினதும் செருகிகளைக் கழற்றிவிட்டு, மிகுதியை மறுநாள் பாருங்கள்.