நேர்காணல் வைத்து வீடு கொடுப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் மகனும் மருமகளும் நியூயார்க்கில் வேலை பார்க்கிறார்கள். மான்ஹாட்டனில் வெஸ்ட் எண்ட் அவென்யூவில், 1920-களில் கட்டிய ஒரு கட்டடத்தில் பெரிய வீடு ஒன்றைப் பேசி முடித்து முன்பணமும் கட்டினார்கள். பிறகு அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழு வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, நண்பர்களின் நற்சான்றுக் கடிதங்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, நேர்காணலும் வைத்து, கடைசியில் ஒரே வரியில் மறுத்துவிட்டது. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லையாம். விற்பவருக்குச் சம்மதம், வாங்குபவர் கையில் பணம். நடுவில் இவர்கள் யார்? நம் நாட்டில் இப்படி நடக்குமா? நிறம்தான் காரணமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

கே., திருச்சி

அன்புள்ள கே. அவர்களுக்கு,

முதலில் பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குழு சம்மதித்தால்தான் விற்பனை என்ற நிபந்தனை அங்கே வழக்கமான ஒப்பந்தத்திலேயே இருக்கும். முன்பணம் திரும்பிவிடும்.

இவர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்தின் சொந்தக்காரர்கள். 'கோ-ஆப்' என்னும் இந்த ஏற்பாட்டில் எவருக்கும் தனி வீடு சொந்தமில்லை. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். உங்கள் மகன் வாங்கவிருந்தது அந்தக் கம்பெனியின் பங்குகளை. அந்தப் பங்குகளுக்கு ஈடாக வீட்டில் வசிக்க ஒரு நீண்டகாலக் குத்தகை கிடைக்கும். சொத்து வரி, கொதிகலன் எரிபொருள், வாயில் காவலர் சம்பளம் இவற்றோடு, பல கட்டடங்களில் கட்டடத்தின் பேரில் உள்ள அடமானக் கடனின் தவணையும் சேர்ந்து மாதக் கட்டணமாக எல்லோர் தலையிலும் பிரித்து விழும். ஒருவர் கட்டாமல் நின்றால் அந்தச் சுமை அடுத்த வீட்டுக்காரர் மேல் ஏறும்.

அவர்களின் சந்தேகபுத்திக்குப் பின்னால் ஒரு பழைய அடி இருக்கிறது. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913-இல் திறந்து, புகைவண்டித் தடங்கள் தரைக்கடியில் மறைந்த பிறகுதான் பார்க் அவென்யூ பணக்காரர்களின் தெருவானது. 1920-களில் அங்கும் ஐந்தாம் அவென்யூவிலும் மாளிகைக்கு நிகரான கோ-ஆப்புகள் மளமளவென்று எழுந்தன. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. பங்குதாரர்கள் சிலர் கட்டணம் கட்ட முடியாமல் போக, மற்றவர்களுக்குக் கட்டணம் ஏற, அவர்களும் வீழ்ந்தார்கள். பல கட்டடங்கள் கடன் கொடுத்தவர் கைக்குப் போய் வாடகை வீடுகளாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பல மீண்டும் கோ-ஆப்பாகின. ஐந்தாம் அவென்யூ, பார்க் அவென்யூக் கட்டடங்கள் சிலவற்றில் வங்கிக் கடன் வாங்கி வருபவருக்கு இன்றும் இடமே கிடையாது. முழுத் தொகையும் ரொக்கமாக வேண்டும்.

ஆனாலும் அந்த வீடுகளுக்கு ஆசைப்படாமல் இருப்பது கடினம். 740 பார்க் அவென்யூ போன்ற கட்டடங்களை வடிவமைத்த ரோசாரியோ கண்டேலா சிசிலியிலிருந்து குடியேறியவர். (கட்டட வேலை வறண்டதும் இதே மனிதர் சங்கேத எழுத்துக் கலையில் இறங்கிப் புத்தகங்களும் எழுதினார்.) வீட்டுக்குள் நுழைந்ததும் வரவேற்புக் கூடம், அங்கிருந்து ஒரு பக்கம் விருந்தினருக்கு, ஒரு பக்கம் படுக்கையறைகளுக்கு, இன்னொரு பக்கம் வேலையாட்களுக்கு என்று மூன்றாகப் பிரித்துவைப்பது அந்தக் காலத்து நியதி.

வெஸ்ட் எண்ட் அவென்யூவில் நண்பர் ஒருவரின் வீட்டில் நான் தங்கியிருக்கிறேன். தரகர்கள் 'கிளாசிக் சிக்ஸ்' என்பார்கள்: கூடம், தனிச் சாப்பாட்டு அறை, சமையலறை, இரண்டு படுக்கையறைகள், பணிப்பெண்ணுக்கு ஓர் அறை. சுவர்கள் கனமானவை, பக்கத்து வீட்டில் பியானோ வாசித்தாலும் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். நீராவி ரேடியேட்டர் ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறக்க வைக்கும் அளவுக்குச் சூடேற்றும். விடியற்காலையில் குழாய்க்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிக்கும். சாப்பாட்டு அறைத் தரையில், மேசைத் தலைமாட்டில் அமர்பவரின் கால்படும் இடத்தில் ஒரு பித்தளைப் பொத்தான். பணிப்பெண்ணை அழைக்கக் காலாலேயே அழுத்தும் மணி. அவள் தங்கிய அறை சமையலறைக்குப் பின்னால். கட்டிலும் ஓர் அலமாரியும் போட்டால் நிற்க இடமில்லை, ஜன்னல் காற்றுப்போக்கிக் குழியைப் பார்க்கிறது. அவளுக்குத் தனிக் கதவு, தனி லிஃப்ட். இப்போது அந்த அறையில் நண்பரின் கணினி இருக்கிறது.

யார் எந்தக் கதவு வழியாக வரலாம் என்பதைச் சுவரிலேயே எழுதிவைத்த கட்டடங்கள் இவை. அக்காலத்தில் பார்க் அவென்யூவிலும் ஐந்தாம் அவென்யூவிலும் பல கட்டடங்கள் யூதர்களைச் சேர்க்கவில்லை. வசதி படைத்த யூதக் குடும்பங்கள் பல உங்கள் மகன் பார்த்த மேற்குப் பகுதிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கறுப்பினத்தவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதவி இழந்த அதிபர் நிக்சன் 1979-இல் கிழக்கு 72-ஆம் தெருவில் பேசிய கோ-ஆப் வீடு, குடியிருப்போரின் எதிர்ப்பால் கைநழுவியது. 1985-இல் பாடகி மடோனாவைச் சான் ரெமோ என்ற கட்டடம் ஏற்கவில்லை. இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பது நியூயார்க்காரர்களின் வழக்கம். பெயர் தெரியாதவர்களை மறுத்த கதைகளைப் பத்திரிகை எழுதுவதில்லை.

நிறம், மதம், பிறந்த நாடு இவற்றைக் காட்டி மறுப்பது 1968-ஆம் ஆண்டின் அமெரிக்க மத்தியச் சட்டத்துக்கே விரோதம். நகரச் சட்டம் இன்னும் கடுமையானது. ஆனால் காரணமே சொல்லாதவனிடம் எந்தக் காரணத்தைக் குற்றம் சாட்டுவது? இந்த ஏற்பாட்டில் நான் ஏற்க மறுப்பது இதை மட்டும்தான். என் கடனில் பங்கு போடவருபவனின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு. பார்த்தபின் வாயை மூடிக்கொள்ள உரிமை இல்லை. காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று நகர மன்றத்தில் மசோதாக்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. வழக்குகள் பெருகும் என்று கட்டடக் குழுக்கள் எதிர்க்கின்றன. ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் பெருக வேண்டும்?

உங்கள் மகன் விஷயத்தில் நிறம் காரணமா என்று திருச்சியிலிருக்கும் உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. வரவோடு ஒப்பிடக் கடன் கூடியிருக்கலாம். வீடு வாங்கியபின் கையில் மிஞ்சும் ரொக்கம் போதாமல் இருக்கலாம். விலை குறைவாகப் போனால் மற்றவர்களின் பங்கு மதிப்பும் சரியுமே என்று மறுப்பவர்களும் உண்டு. நேர்காணலில் உறுத்தும்படி ஏதாவது கேட்டார்களா என்று மகனிடம் விசாரியுங்கள். கேட்டிருந்தால் நகர மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம்.

நம் நாட்டில் நடக்குமா என்கிறீர்கள். அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று, பார்சி அல்லாதவர் உறுப்பினராக முடியாது என்று துணைவிதி வைத்திருந்தது. 2005-இல் நம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நியூயார்க்கில் ஒரு குழு அப்படி எழுதிவைத்தால் அடுத்த வாரமே நீதிமன்றத்தில் நிற்கும். நம் ஊரில் சைவம் சாப்பிடுபவருக்கு மட்டும் என்று பலகை மாட்டுகிறோம், வாடகைக்குக் கேட்டு வந்தவரிடம் குலம் கோத்திரம் விசாரிக்கிறோம். காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

மகன் இன்னொரு கட்டடம் பார்ப்பார் என்று நினைக்கிறேன். இம்முறை அவரும் குழுவைச் சோதிக்கட்டும். கம்பெனியின் தணிக்கைக் கணக்கையும் குழுக்கூட்டக் குறிப்புகளையும் வக்கீல் மூலம் படிக்கச் சொல்லுங்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பழுது இருந்தால் செலவு பங்குதாரர் தலையில். கரிம உமிழ்வுக்கு வரம்பு வைத்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 முதல் பெரிய கட்டடங்களைப் பிடிக்கிறது. பழைய எண்ணெய்க் கொதிகலன் உள்ள இடங்களில் அபராதமோ பெருஞ்செலவோ காத்திருக்கிறது. நிலம் கம்பெனியுடையதா, வேறொருவரிடம் குத்தகைக்கு எடுத்ததா என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும். குத்தகை நிலம் என்றால், தரகர் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.