புதுப்பித்த பழைய காருக்கு எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுப்பது?

திருச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: "1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 காரை 1,20,000 ரூபாய்க்கு வாங்கி, டிங்கரிங், பெயிண்டிங், எஞ்சின் வேலை, சீட் எல்லாமாக 6,80,000 ரூபாய் செலவழித்துப் புதுப்பித்திருக்கிறேன். இவ்வளவு பழைய வண்டிக்கு 60,000 ரூபாய்க்கு மேல் மதிப்புப் போட முடியாது என்கிறார் காப்பீட்டு முகவர். செலவழித்த 8,00,000 ரூபாய்க்கும் காப்பீடு எடுக்க வழி உண்டா?"

இரண்டு தொகையுமே சரியல்ல. ஆனால் முகவர் சொல்லும் தொகைதான் உங்களுக்கு அதிக ஆபத்தானது. வண்டி திருடுபோனாலோ முழுச் சேதமடைந்தாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகையை ஐ.டி.வி. என்கிறோம். ஐந்து ஆண்டுகள் வரையிலான வண்டிக்குத்தான் புது விலையில் இவ்வளவு சதவீதம் கழிக்க வேண்டும் என்ற தேய்மான அட்டவணை உண்டு. அந்த வயதைத் தாண்டிய வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாடலுக்கும் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே ஐ.டி.வி. ஆகவே, "போட முடியாது" என்பது விதியன்று. கணினித் திரையில் தானாக வந்து நின்ற ஓர் எண்ணாக இருக்கலாம்.

குறைந்த மதிப்பினால் வரும் கேடு, முழுச் சேதத்தில் பணம் குறைவாகக் கிடைப்பதோடு நிற்பதில்லை. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், ஓட்டக்கூடிய நிலையில் இருக்கும் வண்டியையும் முழுச் சேதம் என்றே கணக்கிடுவார்கள். 60,000 ரூபாய்க்கு அந்த எல்லை 45,000 ரூபாய். ஹெரால்டில் பானட்டும் முன்பக்க ஃபெண்டர்களும் ஒன்றாகச் சேர்ந்து முன்னோக்கித் திறப்பவை என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் பலமாக ஒரு மோதல் நிகழ்ந்தால் 55,000 ரூபாய் மதிப்பீடு வருவது எளிது. அப்போது 60,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வண்டியை ஒப்படைக்க வேண்டும். அல்லது உடைந்த வண்டிக்கான விலையைக் கழித்துக்கொண்டு மீதியைப் பெற வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் உழைத்து மீட்ட வண்டி, சரிசெய்யக்கூடிய ஒரு சேதத்துக்காகக் கைவிட்டுப் போவதை யாரும் விரும்பமாட்டோம்.

8,00,000 ரூபாய் ஏன் கூடாது? செலவு வேறு, மதிப்பு வேறு. டிங்கரிங் கூலி முழுவதும் சந்தை விலையில் திரும்புவதில்லை. இதே மாடலில், இதே தரத்தில் புதுப்பித்த இன்னொரு வண்டியை இன்று வாங்க என்ன ஆகும் என்பதே சரியான கேள்வி. விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் கைமாறிய விலைகளைப் பழைய கார் மன்றத்தாரிடம் விசாரியுங்கள். உதாரணத்துக்கு, அவை 4,50,000 முதல் 5,50,000 வரை இருந்தால், மேல்பாதியிலிருந்து ஒரு தொகையைக் கேட்பதே என் ஆலோசனை. ஏனெனில் உங்கள் மார்க் 3 போன்ற நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது, அதன் பின்கதவுகளை ஹெரால்டின் பூர்வீகமான இங்கிலாந்தின் உதிரிபாகக் கடைகளிலும் தேடிப் பயனில்லை. 5,00,000 ரூபாய் என்று வைத்தால் முழுச் சேத எல்லை 3,75,000 ரூபாய்க்கு உயர்ந்துவிடும். சொந்தச் சேதப் பிரீமியம், அதாவது உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டுக் கட்டணம், பழைய கட்டண விகிதப்படி ஐ.டி.வி.யில் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். 2007 முதல் நிறுவனங்களே விகிதத்தை நிர்ணயிப்பதால் பேரம் பேச இடமுண்டு.

மதிப்பை உயர்த்தினாலும் பகுதிச் சேதத்தில் முழுத் தொகை வராது என்பதையும் அறிந்திருங்கள். பத்து ஆண்டு தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. மேற்சொன்ன 55,000 ரூபாயில் பாகங்கள் 25,000, கூலி 20,000, பெயிண்டிங் 10,000 என்றால், பாகங்களில் 12,500 ரூபாயும், பெயிண்டின் பொருட்செலவான 2,500 ரூபாயில் பாதியான 1,250 ரூபாயும், கட்டாயக் கழிவாக (உரிமையாளரே ஏற்க வேண்டிய தொகை) 1,000 ரூபாயும் போக 40,250 ரூபாய் கிடைக்கும். மீதியை உங்கள் சேமிப்பிலிருந்து போடத் தயாராக இருங்கள்.

தேய்மானம் கழிக்காமல் ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தரும் தனிப் பாலிசியைப் பழைய கட்டண விதிகள் 1940-க்குள் தயாரான வின்டேஜ் கார்களுக்கு மட்டுமே அனுமதித்தன. உங்கள் வண்டி அதில் சேராது. ஆனால் அதனால் பெரிய இழப்பில்லை: பாலிசியில் ஒரு முறை எழுதிய ஐ.டி.வி.யையே அந்த ஆண்டு முழுவதும் சந்தை மதிப்பாகக் கொள்ள வேண்டும் என்று வழக்கமான பாலிசி வாசகமே சொல்கிறது. எனவே வாகனங்களை மதிப்பிடும் உரிமம் பெற்ற காப்பீட்டு சர்வேயர் ஒருவரிடம் மதிப்பீட்டு அறிக்கை வாங்கி, வேலை நடந்தபோது எடுத்த படங்கள், பில்கள், சேஸிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றோடு சேர்த்து, பாலிசி எடுக்கும் முன்பே நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

இடையில் எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஆர்.சி. காலாவதியாகியிருந்தாலும் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021-ஆம் ஆண்டின் 'விஏ' பதிவுக்கு மாற எண்ணினால், அதன்பின் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் ஓட்டலாம் என்பதை முகவரிடமும் தெரிவியுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது ஐ.டி.வி. தானாகக் குறைந்து வந்திருந்தால், பணம் கட்டும் முன்பே இந்த ஆண்டின் அறிக்கையைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.