மூளைக் கட்டி மட்டும் சிவப்பாக ஒளிர்வது எப்படி?
அறுவைக்கு முன் மருந்தைக் குடித்தால் கட்டி மட்டும் ஒளிருமாமே, சாயம் அங்கே மட்டும் எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குடிப்பது சாயமே அல்ல. 5-அமினோலெவுலினிக் அமிலம் நம் உடலிலேயே உள்ள பொருள். ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இதிலிருந்துதான் உருவாகிறது. மயக்கம் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன் கரைசலாகத் தருவார்கள். வீரியமிக்க கிளையோமா (ஒரு வகை மூளைக் கட்டி) செல்கள் அதை புரோட்டோபோர்ஃபிரின்-9 என்ற பொருள் வரை மாற்றுகின்றன. அதை ஹீமாக்கும் அடுத்த படி அவற்றில் மந்தம். அப்படித் தேங்கிய பொருள்தான் நீல ஒளி பட்டதும் சிவப்பாக ஒளிர்கிறது. சுற்றியுள்ள நல்ல திசு நீலமாகவே தெரியும்.

வெள்ளை விளக்கில் கட்டியின் ஓரமும் மூளையும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். சிக்கலே அங்கேதான். 2006-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், எம்.ஆர்.ஐ.யில் பளிச்சிட்ட கட்டி முழுதாக அகற்றப்பட்டவர்கள் இந்த ஒளியின் துணையோடு 65 சதவீதம், வெள்ளை விளக்கில் 36 சதவீதம். பெரிய வித்தியாசம்! அமெரிக்கா 2017-இல் அனுமதி கொடுத்தது.

மெதுவாக வளரும் கட்டிகள் பெரும்பாலும் ஒளிராது. ஒளிர்வதையெல்லாம் வெட்டவும் முடியாது. பேச்சுக்கோ கைகால் அசைவுக்கோ உரிய பகுதி என்றால் விட்டுவைப்பார்கள். குடித்தவர் ஒரு நாளாவது வெயிலையும் பிரகாசமான விளக்கையும் தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துபோகும்.