பழைய ஐ7-ஆ, புதிய ஐ3-ஆ?

கேள்வி: பி.காம். சேரும் மகளுக்கு மடிக்கணினி வாங்க வேண்டும். ஒரு கடையில் இன்டெல் ஐ7-7500யூ பிராசசர் உள்ள, பயன்படுத்திய கணினியைக் காட்டுகிறார்கள். கிட்டத்தட்ட அதே விலையில் ஐ3-1215யூ உள்ள புதியதும் இருக்கிறது. "என்ன இருந்தாலும் ஐ7 ஐ7தான்" என்கிறார் கடைக்காரர். எதை எடுக்கலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐ3-ஐ எடுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

3, 5, 7 என்பவை ஒரே தலைமுறைக்குள் எது பெரியது என்று காட்டும் எண்கள், அவ்வளவுதான். தலைமுறையைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம். 7500 என்றால் ஏழாம் தலைமுறை; 1215 என்றால் பன்னிரண்டு. ஏழாம் வகுப்பில் முதலிடம் பிடித்தவரையும் பன்னிரண்டாம் வகுப்பில் சுமாராகத் தேறியவரையும் ஒரே கணிதத் தேர்வில் உட்கார வைத்தால் யார் அதிகம் எழுதுவார்?

2016-இல் வந்த அந்த ஐ7-இல் இருப்பவை இரண்டே கோர்கள், அதாவது பிராசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள். ஆம், பெயர் ஐ7, கோர் இரண்டு! அந்தக் காலத்து மெல்லிய மடிக்கணினிகளில் ஐ5-க்கும் அதே இரண்டுதான். 2017-இல் எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ நான்கு கோர்களோடு வந்ததுமே பழைய ஐ7-இன் மவுசு போய்விட்டது. 2022-இல் வந்த உங்கள் ஐ3-இல் வேகமான கோர்கள் இரண்டு, மின்சாரம் குறைவாக இழுக்கும் சிறிய கோர்கள் நான்கு, ஆக ஆறு. உச்ச வேகமும் 3.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்கு உயர்ந்திருக்கிறது. ஆனால் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; அதே கிகாஹெர்ட்ஸில் புதிய கோர் கூடுதல் வேலையை முடித்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 11-க்கு ஏற்ற பிராசசர்கள் என்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் 7500யூ இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. "பதினொன்றைப் போட்டுத் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்லலாம். குறுக்கு வழியில் போடவும் முடியும். பின்னால் அப்டேட் வராவிட்டால் அவரை எங்கே தேடுவீர்கள்?

கேள்வி: அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு புதியதையே வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கூடாது. புதுப் பெட்டியில் செலரான் என்4020 இருந்தால் அது இரண்டே கோர் உள்ள எளிய சிப். அதைவிட நல்ல நிலையில் உள்ள பழைய ஐ5-8250யூ எவ்வளவோ மேல். அது விண்டோஸ் 11 பட்டியலிலும் இருக்கிறது.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி-யில் வேறு ஒரு வம்பு. அதன் ரைசன் 5 7520யூ பிராசசர் 2022-இல் 7000 வரிசைப் பெயரோடு வந்தது. உள்ளே இருப்பதோ 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. அந்த வரிசையில் மூன்றாம் இலக்கத்தைப் பாருங்கள்: 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இதை வாங்குபவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று விட்டிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிராசசர் முடிவானதும் ரேம் பற்றிக் கேளுங்கள். டேலி, எக்செல், பிரௌசர் மூன்றும் சேர்ந்து ஓட 8 ஜிபி போதும். ஆனால் பின்னால் கூட்ட இடம் உண்டா, போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.