முழங்கை மடங்க மறுக்கிறதே, உருவிவிடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து முழங்கை எலும்பு முறிந்ததால் 5 வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார். கட்டைப் பிரித்து 6 வாரமாகியும் கையை முழுதாக நீட்ட முடியவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகும் அளவுக்கு மடக்கவும் முடியவில்லை. எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள் உறவினர்கள். மணல் வாளியைத் தொங்கவிடவும் சொல்கிறார்கள். அறுவை சிகிச்சையின்றிச் சரியாகுமா?
ஒரு வாசகி, தென்காசி

பதில்: எலும்பு நேராகக் கூடியிருந்தால், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையின்றியே நல்ல முன்னேற்றம் கிடைக்கும். ஆனால் உருவுவதையும் வாளியையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அடிபட்ட மூட்டின் உறை தடித்துச் சுருங்குவதாலும், கட்டுக்குள் நெடுநாள் அசையாமல் இருந்ததாலும்தான் இந்த இறுக்கம் ஏற்படுகிறது. அந்த உறைக்கு நேர் முன்னே ஒரு தசை படிந்திருக்கிறது. அதை அழுத்தி உருவினாலோ வெடுக்கென்று இழுத்தாலோ, உள்ளே இரத்தம் கசிந்து, தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடக்கூடும். முழங்கையைப் போல முரட்டு வைத்தியத்துக்குப் பழிவாங்கும் மூட்டு வேறில்லை என்பேன்.

இதற்கு வேண்டியது பலமன்று, நேரம். பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபின், அவரே தன் தசையின் வலுவால் கையை மடக்கி நீட்ட வேண்டும். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்ப வேண்டும். இதை ஒரே மூச்சில் செய்யாமல், நாளில் பலமுறை சிறிது சிறிதாகச் செய்வதே நல்லது. பயிற்சியால் எழும் வலி சற்று நேரத்தில் அடங்கிவிட வேண்டும். மறுநாளும் வலியும் வீக்கமும் நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். சில வாரங்களில் முன்னேற்றம் நின்றுபோனால், திருகைத் திருப்பிக் கோணத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டும் ஸ்பிளிண்ட் என்ற கைத்தாங்கியைப் பிசியோதெரபிஸ்ட் பொருத்துவார். ஒரு வேளைக்கு அரை மணி நேரமாக, நாளுக்கு மூன்று வேளை அணிவது வழக்கம்.

கை முழுதாக நீள்வதை 0 பாகை என்று கொண்டால், 30 முதல் 130 பாகை வரை அசைந்தாலே அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை நடந்துவிடும். ஆகவே கடைசிச் சில பாகைகளுக்காக மூட்டை வதைக்க வேண்டியதில்லை. முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் தெரியும், ஓராண்டு வரையிலும் தொடரலாம்.

ஏற்கெனவே உருவியிருந்தால், ஓர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிய பிறகே பயிற்சியைத் தொடருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே செல்லுங்கள்.