தோற்ற ஆட்டத்தை ஏன் கிழித்தீர்கள்?

கேள்வி: எனக்கு 26 வயது, ஊர் வீரவநல்லூர். வேலை திருநெல்வேலியில், ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் போட்டிக்குப் போவேன். கறுப்பில் ஆடும்போது ரூய் லோபஸ் தொடக்கத்துக்கு (வெள்ளை 3-வது நகர்வில் பிஷப்பை பி5-ல் வைப்பது) எதிராக, அப்பா கற்றுக்கொடுத்த பழைய ஸ்டெய்னிட்ஸ் தடுப்பாட்டத்தைத்தான் (3-வது நகர்வில் சிப்பாயை டி6 கட்டத்தில் வைப்பது) ஆடுகிறேன். காய்களுக்கு நகர இடமே இருப்பதில்லை. கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவை ஓரமாக ஒதுக்குவது) முடித்த கையோடு இ5 சிப்பாய் போய்விடுகிறது. அப்பா வருத்தப்படுவாரே என்று, தோற்ற நாளில் நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ‘டிரா’ என்று சொல்லிவிடுவேன். இந்த ஓப்பனிங்கை மாற்றிவிடலாமா?

பதில்: தம்பி, ஸ்கோர் ஷீட்டைக் கிழித்ததைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஓப்பனிங்குக்குத் தாவிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். பழைய ஓப்பனிங்கை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களின் கடிதம் எனக்குப் புதிதில்லை, எல்லாரும் ஓப்பனிங் மேல்தான் பழியைப் போடுவார்கள். நீங்கள் ஒரு படி மேலே போய் ஆதாரத்தையே அழித்திருக்கிறீர்கள்.

எங்கே விழுகிறீர்கள் என்பது நீங்கள் சொன்னதிலேயே தெரிகிறது. 4-வது நகர்வில் வெள்ளை டி4 வைக்கிறது, நீங்கள் பிஷப்பை டி7-ல் வைக்கிறீர்கள், பிறகு இரண்டு பக்கமும் குதிரைகள் வருகின்றன, வெள்ளை கேஸ்லிங் செய்கிறது, உங்கள் இன்னொரு பிஷப் இ7-க்கு வருகிறது, 7-வது நகர்வில் வெள்ளை யானை இ1-க்கு வந்து நிற்கிறது. உடனே நீங்கள், ராஜா பத்திரமாக இருக்கட்டும் என்று கேஸ்லிங் செய்கிறீர்கள். அங்கேதான் கண்ணி. வெள்ளை பிஷப் சி6 குதிரையை வெட்டும், டி4 சிப்பாய் இ5-ல் வெட்டும், உங்கள் டி6 சிப்பாய் அதைத் திருப்பி வெட்டும், ராணிகள் மாறும், அப்புறம் வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயைத் தூக்கிவிடும். பதிலுக்கு இ4 சிப்பாயை எடுக்கப் போனால் இன்னும் மோசம், சில நகர்வுகளில் பிஷப்புக்கு யானையைக் கொடுக்க வேண்டி வரும். 1892-ல் டிரெஸ்டனில் ஜெர்மன் ஆட்டக்காரர் டாராஷிடம் மார்கோ என்ற ஆட்டக்காரர் இப்படித்தான் மாட்டினார். இன்றைக்கும் இதன் பெயர் டாராஷ் கண்ணி.

தப்பிக்க வழி உண்டு. கேஸ்லிங்குக்கு முன்னால் இ5 சிப்பாயால் டி4-ல் வெட்டிவிட வேண்டும். நடுப்பலகையை விட்டுக்கொடுப்பதாகத்தான் தோன்றும், மனசு ஒப்பாது. பழைய ஸ்டெய்னிட்ஸ் கேட்கிற விலையே அதுதான். வெட்டிய பிறகும் இடம் குறைவுதான், அதனால் காய்களை மாற்றி மாற்றி ஆட்டத்தைத் தளர்த்த வேண்டும், அவசரப்பட்டால் ஆகாது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆத்திரத்தோடு உட்காருகிறவருக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது.

இதைக் கண்டுபிடிக்க நான் எதற்கு? கிழித்த தாள்களில் ஒன்றை அப்பா முன்னால் பலகையில் வைத்து ஆடிக் காட்டியிருந்தால், இரண்டு பேருமாக ஒரே சாயங்காலத்தில் பிடித்திருப்பீர்கள். அவர் வருத்தப்படுவார் என்கிறீர்கள். நான் நம்பவில்லை. ‘என்னல, ஜெயிச்சியா?’ என்று அவர் கேட்கும்போது தலை குனிய உங்களுக்கு மனசில்லை, அவ்வளவுதான். கற்றுக்கொடுத்தவருக்குத் தன் பாடம் எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது. அதிலும் பெற்ற தகப்பன். ஜெயித்த சேதியை ஊர் முழுக்கச் சொல்லலாம், தோற்ற சேதியை முதலில் கேட்க வேண்டியது வீடு. அந்த இடத்தில் பொய் சொல்லிப் பழகிவிட்டால், நாளைக்கு வேலை போனாலும் கடன் ஏறினாலும் இதே ‘டிரா’தான் வாயில் வரும். அப்படி ஆன வீடுகளிலிருந்தும் எனக்குக் கடிதம் வருகிறது.

மாற்றத்தான் வேண்டுமென்றால் முழுதாகத் தூக்கி எறிய வேண்டாம். 3-வது நகர்வில் முதலில் ஏ6 வைத்து, வெள்ளை பிஷப் ஏ4-க்குப் போனதும் டி6 வையுங்கள். தேவைப்படும்போது பி5 தள்ளி அந்த பிஷப்பை விரட்டலாம், பிடி விலகும். முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவும் ஆடிய முறைதான். ஆனால் இதை அப்பாவிடம் கேட்காமல் செய்யாதீர்கள். இது எதற்கு என்று முதலில் மல்லுக்கு நிற்பார், நிற்கட்டும். அதற்கு முன்னால், டிரா என்று சொன்ன ஆட்டங்களெல்லாம் தோற்ற ஆட்டங்கள் என்று இந்த வாரமே அவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த போட்டியில் என்ன ஆனாலும் ஸ்கோர் ஷீட் அவர் கைக்குப் போக வேண்டும்.